மலைச் சாலையும் கார்புரேட்டரின் அளவும்

தேனியிலிருந்து மேற்கே போடிநாயக்கனூரை அடைந்து, முந்தலைக் கடந்து, 17 கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறி, போடிமெட்டில் கேரள எல்லையைத் தொடுகின்ற தேசிய நெடுஞ்சாலை, ஏலத் தோட்டங்களுக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளுக்கும், போடிக்கும் புற்றடிக்குமாக ஏலக்காய் வியாபாரத்தின் பொருட்டு அலையும் வியாபாரிகளின் வண்டிகளுக்கும் அன்றாடப் பாதையாக இருப்பதோடு, மோட்டார் எஞ்சினின் குணதோஷங்களை ஒளிவுமறைவின்றிக் காட்டிவிடும் பரீட்சைக்களமாகவும் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் நேர்ச்சாலைகளில், சின்னமனூர், உத்தமபாளையம், கூடலூர் என்று குறை தெரியாமல் ஓடித் திரிந்த வண்டி, இந்த மலையில் நாலைந்து வளைவுகளுக்குள்ளாகவே தன் குறையை வெளியிட்டுவிடும். அவ்வாறு வெளிப்படும் குறைகளுள் ஒரு பெரும்பகுதி, எஞ்சினை மாற்றியமைத்தவர்கள் அதற்குப் பொருந்தாத அளவில் கார்புரேட்டரை மாட்டியதனால் விளைபவை என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

1955-இல் சென்னையில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு நிறுவனம் திருவொற்றியூர் ஆலையில் செய்து அனுப்பிய புல்லட் மோட்டார் சைக்கிள், இந்த வட்டாரத்தில் இரண்டு மூன்று தலைமுறைகளாகக் குடும்பச் சொத்துப்போல் கைமாறி வருகிறது. அதன் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினுக்கு 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் வீச்சும் உள்ள சிலிண்டர்; கொள்ளளவு 346 சிசி. தாத்தா ஓட்டிய வண்டியைப் பேரன் எடுக்கும்போது, அந்தச் சிலிண்டரைக் கழற்றிவிட்டு, 84 மில்லிமீட்டர் விட்டமுள்ள 500 சிசி சிலிண்டரையும் பிஸ்டனையும் ஏற்றிப் புதுப்பிக்கிற வழக்கம் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் நெடுநாளாக உண்டு. அந்த வேலை முடியும் தறுவாயில் தவறாமல் எழும் கேள்வி, “அண்ணே, 32 மில்லி கார்ப் போட்டா இழுவை கூடுமா?” என்பது. நல்ல மெக்கானிக்காக இருந்தால் உடனே விடை சொல்லாமல், “தம்பி, நீ மலைக்குப் போறவனா, பைபாஸ்ல போறவனா, அத மொதல்ல சொல்லு” என்று திருப்பிக் கேட்பார். இந்த மறுகேள்வியில் அடங்கியிருக்கும் பௌதிக உண்மையை விரித்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கார்புரேட்டரை எஞ்சினின் வாய் என்று நினைப்பதிலிருந்துதான் பிழை ஆரம்பமாகிறது. வாய் பெரிதானால் அதிகம் உண்ணும், அதிகம் உண்டால் அதிக பலம் வரும் என்கிற எண்ணம் இயல்பாகத் தோன்றக்கூடியதே; ஆயினும், கார்புரேட்டரின் முதல் தொழில் ஊட்டுவது அன்று, அளப்பது. எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ, அதன் எடைக்குத் தக்க எடையுள்ள பெட்ரோலை, வினாடிக்கு வினாடி மாறுகிற அந்த இழுப்புக்கு இசைந்து, கண்ணோ கையோ மின்சாரமோ இல்லாமல் அளந்து கொடுப்பது அதன் கடமை. ஒரு பங்கு பெட்ரோல் முழுவதுமாக எரிவதற்கு எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். மிகுந்த பலம் வேண்டும்போது 12.5 முதல் 13 வரையிலும், சிக்கனமாக ஓடும்போது 15, 16 வரையிலும் இந்த விகிதம் மாறலாம். இந்தக் குறுகிய எல்லைக்கு வெளியே, பெட்ரோல் மிகுந்தால் பிளக்கில் கரி படிந்து புகை கக்கும். பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் திக்கி, சூடேறி, கடைசியில் அலுமினியப் பிஸ்டனே உருகும் நிலை வரும்.

இந்த அளவை எவ்வாறு நிகழ்கிறது? 1738-இல் டேனியல் பெர்னூலி வெளியிட்ட நூலில் நிலைநாட்டிய தத்துவமும், 1797-இல் இத்தாலியரான வெந்தூரி குறுகிய குழாய்களில் நீரோட்டத்தை ஆராய்ந்து கண்ட உண்மையும் இதற்கு ஆதாரம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் ஓடும் வாய்க்கால், ஒரு மதகுக் கண்ணில் நெருங்கும் இடத்தில் வேகங்கொள்வதைக் கம்பத்து விவசாயி தினமும் காண்கிறார். அதேபோலக் காற்றும் குறுகிய வழியில் புகும்போது வேகங்கொள்கிறது. வேகம் மிகுந்த இடத்தில் காற்றின் அழுத்தம் சுற்றியுள்ள வாயுமண்டல அழுத்தத்தைவிடத் தாழ்கிறது. அந்தத் தாழ்ந்த இடத்தில் ஒரு சிறு துளை வாயைத் திறந்து வைத்து, அதன் மறுமுனையைப் பெட்ரோல் கிண்ணத்தில் அமிழ்த்திவிட்டால், கிண்ணத்தின் மேலுள்ள முழு அழுத்தம் பெட்ரோலைத் துளை வழியே தள்ளி, ஓடும் காற்றில் தூவிவிடும். வில்ஹெல்ம் மேபாக் ஜெர்மனியிலும், பாங்கி, சோங்கா என்ற இருவர் ஹங்கேரியிலும், 1893-ஆம் ஆண்டையொட்டித் தனித்தனியே அமைத்த தெளிப்புக் கார்புரேட்டர்களின் சாரம் இவ்வளவே. பின்னால் வந்த நூறாண்டுத் திருத்தங்கள் அனைத்தும் இந்த ஒரு நிகழ்ச்சியைச் செம்மைப்படுத்தியவைதாம்.

ஆகவே, பெட்ரோலை இழுப்பது காற்றின் அளவு அன்று, காற்றின் வேகம். அழுத்தத் தாழ்வு, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. வேகம் இரட்டித்தால் தாழ்வு நான்கு மடங்காகும், வேகம் பாதியானால் தாழ்வு கால் பங்காகச் சுருங்கும். குழாயின் விட்டத்தைப் பெருக்கினால் அதே அளவு காற்று மெதுவாகச் செல்லும். மெதுவாகச் சென்றால் அளவைக்கு ஆதாரமான தாழ்வு பலவீனப்படும். கார்புரேட்டரின் அளவைப் பற்றிய சர்ச்சை முழுவதும் இந்த ஒரு முரண்பாட்டிலிருந்து பிறக்கிறது. குழாய் சிறுத்தால் எஞ்சின் உச்ச வேகத்தில் மூச்சு முட்டும். பெருத்தால் தாழ்ந்த வேகத்தில் அளவை தவறும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். பழைய 350 புல்லட், நிமிஷத்துக்கு 5,625 சுழற்சியில் தன் உச்ச சக்தியான 18 குதிரைத்திறனைக் கொடுக்கும்படி அமைக்கப்பட்டது. அதில் பட்டறைக்காரர்கள் ‘மிக்கார்ப்’ என்று சொல்லும் 24 மில்லிமீட்டர் கார்புரேட்டர் இருந்தது. நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறைதான் காற்றை இழுக்கும். சிலிண்டர் ஒவ்வொரு முறையும் முழுவதுமாக நிரம்புகிறது என்று கொண்டால், அந்த வேகத்தில் நிமிஷத்துக்குச் சுமார் 973 லிட்டர், அதாவது வினாடிக்கு 16.2 லிட்டர் காற்று உட்செல்ல வேண்டும். 24 மில்லிமீட்டர் வட்டத்தின் பரப்பு 4.52 சதுர சென்டிமீட்டர்; எனவே குழாயில் காற்றின் சராசரி வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 36 மீட்டர். காற்று இடைவிடாமல் ஓடாமல் நான்கு வீச்சுகளில் ஒன்றில் மட்டுமே ஓடுவதால், ஓடுகிற நேரத்தில் உண்மையான வேகம் இதைப்போல் நான்கு மடங்குக்கு அருகில் இருக்கும். ஆனாலும் ஒப்பீட்டுக்குச் சராசரியே போதும்.

இனி, அதே ஆலையில் செய்த 500 புல்லட்டைப் பாருங்கள். அதன் கொள்ளளவு 499 சிசி. உச்ச சக்தியான 22 குதிரைத்திறன் 5,400 சுழற்சியில். அதற்குக் கொடுத்த கார்புரேட்டர் 28 மில்லிமீட்டர். கணக்கிட்டால் வினாடிக்கு 22.5 லிட்டர் காற்று; பரப்பு 6.16 சதுர சென்டிமீட்டர். சராசரி வேகம் வினாடிக்கு 36 மீட்டருக்குச் சற்று மேல். இரண்டு எஞ்சின்களிலும் வேகம் ஏறத்தாழ ஒன்றாகவே வருவதைக் காணும்போது எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி உண்டாகிறது. ஏனெனில், அந்தப் பழைய வடிவமைப்பில் தற்செயலாகத் தோன்றும் இரண்டு எண்கள், ஒரே நியமத்துக்குக் கட்டுப்பட்டு நிற்பதை அது காட்டுகிறது. நியமத்தை எளிதாகச் சொல்வதானால், கொள்ளளவையும் உச்ச சக்திச் சுழற்சியையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், கார்புரேட்டரின் விட்டம் அந்த எண்ணுக்கு ஏற்ப வளர வேண்டும். 350-க்குரிய 24 மில்லிமீட்டரை வைத்துக்கொண்டு 500-க்கு இந்த முறையில் கணக்கிட்டால் 28.2 மில்லிமீட்டர் வருகிறது. அப்படியிருக்க, 32 மில்லிமீட்டரை நாடுவதற்கு, கேம் ஷாஃப்ட்டும் வால்வும் மாறி எஞ்சின் 7,000 சுழற்சி வரையில் ஓடி, அங்கேயே தன் உச்ச சக்தியைக் கொடுக்க வேண்டும். நீண்ட வீச்சுள்ள அந்தப் பழைய எஞ்சினிடம் அதை எதிர்பார்ப்பது அதன் உயிரைக் கேட்பதாகும்.

இதே கணக்கு வேறு சில வீண் செலவுகளையும் தடுக்கும். தேய்ந்த சிலிண்டரை ஒரு மில்லிமீட்டர் ரீபோர் செய்தால் கொள்ளளவு 346-லிருந்து 356 சிசியாகத்தான் உயரும். அதற்கு வேண்டிய கார்புரேட்டர் 24.3 மில்லிமீட்டர் என்று வரும். அதாவது கார்புரேட்டரைத் தொடவே வேண்டியதில்லை. சிலிண்டரை மட்டும் 500-க்கு மாற்றி, மேலேயுள்ள ஹெட்டையும் வால்வுகளையும் 350-க்குரியதாகவே விட்டுவிட்டால், காற்றுப் பாதையில் மிகக் குறுகலான இடம் வால்வு வாயாகிவிடுகிறது. அந்நிலையில் கார்புரேட்டரை எவ்வளவு அகட்டினாலும் உட்செல்லும் காற்று அதிகரிக்காது. யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற இரண்டு வீச்சு வண்டிகளில் கணக்கு சற்று வேறுபடும். அவை ஒவ்வொரு சுழற்சியிலும் காற்றை இழுப்பவை; ஆதலால், 98 சிசி கொள்ளளவேயுள்ள சிறு எஞ்சின் 7,500 சுழற்சியில் நிமிஷத்துக்கு 735 லிட்டர் கேட்கும். உருவத்தைப் பார்த்து அதற்குக் கார்புரேட்டர் தேர்ந்தெடுப்பவர் ஏமாந்துபோவார்.

மலைக்கும் பந்தயத் திடலுக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே சொல்லியாக வேண்டும். 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கம், யுத்த காலத்தில் அமைந்த சோழவரம் விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தி, பின்னர் 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென்று ஒரு திடலை அமைத்துக்கொண்டது. அத்தகைய இடங்களில் எஞ்சின் தன் உச்சச் சுழற்சிக்கு அருகிலேயே பெரும்பொழுதைக் கழிக்கும். ஆகவே பெரிய கார்புரேட்டரின் தீமை அங்கே வெளிப்படச் சந்தர்ப்பமே கிடையாது, நன்மை மட்டுமே தெரியும். அங்கு வென்ற வண்டியின் அளவை அப்படியே போடி மலைக்குக் கொண்டுவந்தால் நேர்வது வேறு. கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றுவிடும் அளவுக்கு வேகம் தணிந்து, எஞ்சின் 2,000 அல்லது 2,500 சுழற்சியில் உருளும்போது, பின்னால் ஓர் ஆளும் மூட்டையும் இருக்க, ஓட்டுபவர் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று முழுதும் முறுக்குகிறார். கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் ஸ்லைடு, பாதி மூடியிருக்கும்வரை தானே பாதையைக் குறுக்கிக் காற்றின் வேகத்தைக் காத்து வந்தது. முழுதும் உயர்ந்துவிட்ட அந்தக் கணத்தில், குழாயின் முழு அகலமும் மெதுவான காற்றுக்குத் திறந்துவிடப்படுகிறது.

2,500 சுழற்சியில் 346 சிசி எஞ்சின் இழுக்கும் காற்று 24 மில்லிமீட்டர் குழாயில் வினாடிக்கு 16 மீட்டர் சராசரி வேகத்தில் செல்லும். 28 மில்லிமீட்டர் குழாயில் அது 12 மீட்டருக்கும் குறைந்துவிடும். அழுத்தத் தாழ்வு வேகத்தின் வர்க்கமாதலால், விட்டத்தின் நான்காம் மடியாக அது சரிகிறது: 24-ஐ 28-ஆக்கினால் தாழ்வு 54 சதவீதமாகக் குறைந்துவிடும். வெறும் நான்கு மில்லிமீட்டர் அகலத்துக்காக, பெட்ரோலை இழுக்கும் விசையில் ஏறக்குறைய பாதியை இழக்கிறோம். கிண்ணத்திலுள்ள பெட்ரோலின் மட்டம் துளை வாய்க்குச் சில மில்லிமீட்டர் கீழே இருப்பதால், அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கே தாழ்வில் ஒரு பகுதி முன்கூட்டிக் கழிந்துபோகிறது. தாழ்வு வலுவாக இருக்கையில் இந்தக் கழிவு கணக்கில் வராது, பலவீனமாக இருக்கையில் இதுவே கலவையை மெலியச் செய்யும். போதாததற்கு, மெதுவான காற்றில் பெட்ரோல் நுண்துளிகளாகச் சிதறாமல் பெருந்துளிகளாக விழுந்து குழாய்ச் சுவரில் வழிகிறது. வண்டி ‘மிஸ்ஸிங்’ ஆகி, வளைவின் நடுவே திணறி நிற்பதன் காரணம் இதுதான். இதைச் சரிசெய்ய, பெட்ரோல் அளவாகப் புகும் துளையான மெயின் ஜெட்டைப் பெரிதாகப் போட்டால், கீழ்வேகத்தில் சற்றுத் தேறும். ஆனால் வேகம் ஏறியதும் பெட்ரோல் அளவுக்கு மீறிக் கொட்டும். அளவிலே செய்த பிழையை ஜெட்டினால் திருத்த முடியாது.

ஆகவே, மலைச் சாலையில் ஓடும் வண்டிக்கு, கணக்கில் வருகிற விட்டத்துக்கு மேலும் கீழுமாக இரண்டு அளவுகள் கடையில் கிடைத்தால், தயங்காமல் சிறியதையே எடுக்க வேண்டும் என்பது என் துணிபு. உச்ச வேகத்தில் இழப்பது ஒரு குதிரைத்திறனின் சிறு பகுதியாக இருக்கலாம். கம்பமெட்டு, குமுளி, போடிமெட்டு, மேகமலை என்று எந்தப் பக்கம் ஏறினாலும் அந்த உச்ச வேகத்தைத் தொடுவதற்கு இங்கே இடம் எங்கே இருக்கிறது?

இந்த முரண்பாட்டுக்கு நேர்த்தியான பரிகாரம் ஒன்றும் உண்டு. ஸ்லைடைக் கம்பியால் நேரே இழுக்காமல், காற்றின் இழுப்பே அதை வேண்டிய உயரத்துக்குத் தூக்கும்படி அமைத்தால், ஓட்டுபவர் எவ்வளவு அவசரமாக முறுக்கினாலும் பாதை காற்றின் அளவுக்கு மேல் அகலாது. வேகமும் தாழ்வும் ஒரே நிலையில் நிற்கும். இங்கிலாந்தில் ஸ்கின்னர் சகோதரர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்த எஸ்யு கார்புரேட்டரின் தத்துவம் இதுவே. 2010-க்குப் பின் வந்த புதிய எஞ்சின் புல்லட்டில், கொள்ளளவு அதே 346 சிசியாக இருந்தும், 29 மில்லிமீட்டர் கார்புரேட்டரை வைக்க முடிந்ததற்கு இந்த அமைப்பே காரணம். பழைய எஞ்சினுக்கு அதைப் பொருத்திக்கொள்பவர்கள் செய்வது புத்திசாலித்தனமான காரியம். இன்டேக் குழாயின் உள்விட்டத்தையும் படியில்லாமல் சீராக்கிக்கொண்டால் பலன் முழுமையாகக் கிட்டும்.

அளவு நிர்ணயமான பிறகு ட்யூனிங். இதில் அவசரப்படுவோர் முதலில் மெயின் ஜெட்டில் கை வைக்கிறார்கள். அது கடைசியில் பார்க்க வேண்டிய அம்சம். முதலில் பெட்ரோல் கிண்ணத்திலுள்ள மிதவையின் மட்டத்தையும், இன்டேக் இணைப்பில் திருட்டுக்காற்று புகுகிறதா என்பதையும், ஏர் ஃபில்டரில் ஆடிக்காற்றின் தூசி அடைந்திருக்கிறதா என்பதையும் கவனித்தாக வேண்டும். அடைந்த ஃபில்டரை வைத்துக்கொண்டு ஜெட்டைச் சிறிதாக்கியவர், ஃபில்டரை மாற்றிய மறுநாளே மெலிந்த கலவையில் எஞ்சினைச் சுடவைப்பார். இவை சரியென்றால், எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின் ஸ்லோ ஜெட்டுக்குரிய ஏர் ஸ்க்ரூவை மெல்லத் திருப்பி, ஐடிலிங் அதிகமாகி நிலைக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். அந்த இடம் ஸ்க்ரூ முழுதும் மூடியபோதோ, மூன்று சுற்றுக்கு மேல் திறந்தபோதோதான் கிடைக்கிறதென்றால், ஸ்லோ ஜெட்டின் அளவே தவறு. ஆக்ஸிலேட்டர் எட்டில் ஒரு பங்கு திறக்கும்வரை இந்த ஜெட்டின் ஆட்சி; அதிலிருந்து கால் பங்கு வரை ஸ்லைடின் அடியில் வெட்டியிருக்கும் சாய்வின் ஆட்சி.

கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரையில் ஆட்சி செய்வது நீடில். ஸ்லைடிலிருந்து தொங்கி, கீழே போகப் போக மெலிந்து, ஒரு துளைக்குள் ஏறி இறங்கும் இந்த ஊசிதான், மலை ஏறுகிறவருக்கு மற்றெல்லா உறுப்புகளையும்விட முக்கியமானது. ஏனென்றால் ஏற்றத்தில் அவர் கை பெரும்பாலும் அந்த எல்லைக்குள்ளேயே நிற்கிறது. ஊசியின் தலையில் வரிசையாகச் சில காடிகள் இருக்கும். அவற்றுள் ஒன்றில் கிளிப் மாட்டியிருக்கும். கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினால் ஊசி உயர்ந்து பெட்ரோல் மிகும். மேலே ஏற்றினால் ஊசி தாழ்ந்து பெட்ரோல் குறையும். பிடியில் கால், அரை, முக்கால் என்று சிறு அடையாளங்களை ஒட்டிக்கொண்டு, முந்தலுக்கு மேல் ஒரே ஏற்றத்தில், ஒரே கியரில், அரைத் திறப்பில் நிறுத்தி ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு காடி மாற்ற வேண்டும். இரண்டு மாற்றங்களை ஒருசேரச் செய்கிறவருக்கு எது பலன் தந்தது என்று ஒருநாளும் விளங்காது. அரைத் திறப்பிலிருந்து பிடியைச் சற்றே தளர்த்தியதும் இழுவை கூடுவதாகத் தோன்றினால் கலவை மெலிந்திருக்கிறது என்றும், எஞ்சின் கனத்து மந்தமாக உறுமினால் பெட்ரோல் மிகுந்திருக்கிறது என்றும் கொள்ளலாம்.

மெயின் ஜெட்டைப் பரீட்சிக்க, போக்குவரத்தில்லாத நீண்ட ஏற்றத்தில் முழுத் திறப்பில் சிறிது தூரம் ஏறி, அந்த நிலையிலேயே கிளட்சைப் பிடித்து எஞ்சினை நிறுத்தி, ஓரமாக வண்டியை விட்டு, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பிளக்கின் பீங்கான் இளம் பழுப்பாக இருந்தால் கலவை சரி, வெளுத்திருந்தால் மெலிவு, கரியாக இருந்தால் மிகுதி. ஐடிலிங்கில் வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்க்கிற பிளக், ஐடிலிங்கைப் பற்றித்தான் சாட்சி சொல்லும்.

இனி உயரத்தின் விளைவு. போடியில் வாயுமண்டல அழுத்தம் கடல் மட்டத்தைவிடச் சற்றே குறைவு. ஆயிரம் மீட்டர் மேலே போடிமெட்டில் அது மேலும் சுமார் 12 சதவீதம் குறைகிறது. மேலே குளிர்ச்சியும் இருப்பதால் காற்றின் அடர்த்தி எட்டு முதல் பத்து சதவீதம் வரை தாழ்வதாகக் கொள்ளலாம். எஞ்சினின் சக்தியும் அதே அளவில் குறையும், இதற்கு எந்த ட்யூனிங்கும் பரிகாரமில்லை. கலவையின் கதி வேறு. காற்றின் எடை அடர்த்திக்கு நேராகக் குறைகிறது. பெட்ரோலோ அழுத்தத் தாழ்வின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வருவதால், அடர்த்தியின் வர்க்கமூலமாகத்தான் குறைகிறது. எனவே அடர்த்தி பத்து சதவீதம் இறங்கினால் கலவை ஐந்து சதவீதம் செறிவாகும். கீழே 13 ஆக இருந்த விகிதம் மேலே 12.3 ஆகிவிடும். வண்டி ஓடும், கொஞ்சம் புகையும், மைலேஜ் குறையும், அவ்வளவே. ஆனால் மேலே தேவிகுளத்திலோ மூணாறிலோ மிகச் செம்மையாக ட்யூன் செய்த வண்டி சமவெளிக்கு இறங்கினால், அதே ஐந்து சதவீதம் மெலிந்து, தேனி வெயிலில், நெடுஞ்சாலை வேகத்தில், ஆபத்தான சூட்டை அடையும். ஆதலால் இரு இடங்களிலும் ஓடும் வண்டியைக் கீழேதான் ட்யூன் செய்ய வேண்டும்.

இறக்கத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பிடியை முழுதும் விட்டு, கியரில் இறங்கும்போது, எஞ்சின் வேகமாகச் சுழன்றும் ஸ்லோ ஜெட் மட்டுமே பெட்ரோல் தருகிறது. கலவை எரியாத அளவுக்கு மெலிந்து, சைலன்ஸருக்குள் சேர்ந்து படபடவென்று வெடிப்பது அதனால்தான். ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே திருப்பினால் பெரும்பாலும் அடங்கும். பழைய யெஸ்டி போன்ற, பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றும் இரண்டு வீச்சு வண்டிகளில் இது வெறும் சத்தத்தோடு முடிவதில்லை: பெட்ரோல் வராத இடத்தில் ஆயிலும் வராது, எஞ்சின் உயவின்றிச் சுழலும். நீண்ட இறக்கத்தில் அவ்வப்போது கிளட்சைப் பிடித்து, ஆக்ஸிலேட்டரை ஒருமுறை முறுக்கிவிடுகிற பழைய ஓட்டுநர்களின் பழக்கம் முற்றிலும் நியாயமானது.

இவற்றோடு, இந்தச் சில ஆண்டுகளில் எல்லாக் கணக்கையும் சற்று நகர்த்திவிட்ட காரணம் ஒன்று சேர்ந்திருக்கிறது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து விற்கும் திட்டம் 2023-இல் தொடங்கி, இரண்டே ஆண்டுகளில் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் தனக்குள்ளேயே பிராணவாயுவைக் கொண்டது. ஒரு பங்கு எத்தனாலுக்கு ஒன்பது பங்கு காற்றே போதும். ஆகவே கலப்புப் பெட்ரோலுக்குரிய சரியான விகிதம் 14.7-லிருந்து சுமார் 13.5-ஆக இறங்குகிறது. புதிய வண்டிகளின் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் இதை உணர்ந்து தானே திருத்திக்கொள்ளும்; தூய பெட்ரோல் காலத்தில் ஜெட் வைத்த கார்புரேட்டருக்கு அந்த உணர்ச்சி இல்லை. அதில் கலவை ஏழெட்டு சதவீதம் மெலிந்துவிடுகிறது. மலை மேலே இந்த மெலிவும் உயரத்தின் செறிவும் ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுசெய்துகொள்வதால், “மேலே ஏறினா நல்லா இழுக்குது, கீழேதான் சூடாகுது” என்று சிலர் சொல்வதில் பொருள் இருக்கிறது. கீழே அதற்குரிய திருத்தம் ஜெட்டில்தான் செய்யப்பட வேண்டும். ஜெட்டின் மேல் பொறித்த எண் பெட்ரோல் ஓட்டத்தைக் குறிப்பதாயின், 100 இருந்த இடத்தில் 107 அல்லது அதற்கு அடுத்துக் கிடைக்கும் அளவு வேண்டும். துளையின் விட்டத்தைக் குறிப்பதாயின், பரப்பு விட்டத்தின் வர்க்கமாக வளர்வதால், 104 போதும். இரண்டு வகை எண்களையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்வது பட்டறைகளில் அடிக்கடி நேரும் தவறு. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் தன்மையுள்ளது. மழைக்காலத்தில் மலைத் தோட்டத்தில் வாரக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியின் மிதவைக் கிண்ணத்து அடியில் தண்ணீர் தங்கி ஸ்லோ ஜெட்டை அடைத்துவிடும் என்பதால், நிறுத்துமுன் கிண்ணத்தை வடித்துவிடுவது நலம்.

சட்டத்தையும் நினைவூட்டுவது கடமை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடைசெய்கிறது. 350 என்று பதிவான புத்தகத்தோடு 499 சிசி எஞ்சின் பொதுச்சாலையில் ஓடும்போது, இன்ஷூரன்ஸ் முதலான பாதுகாப்புகள் அனைத்தும் கேள்விக்குள்ளாகின்றன. விபத்தில் அடிபட்ட அயலாருக்கு நஷ்டஈடு கிடைப்பதும் அதனால் தாமதப்படலாம். மூல அளவிலேயே எஞ்சினை வைத்துக்கொண்டு, அதன் பழைய 24 மில்லிமீட்டர் கார்புரேட்டரை இன்றைய பெட்ரோலுக்கும் இந்த மலைக்கும் இசைய ட்யூன் செய்துகொள்ள விரும்புபவருக்கு, இந்தச் சிக்கல் எதுவுமில்லை. ஒரு மெயின் ஜெட்டும், ஒரு கிளிப் காடியும், ஓய்வான ஒரு காலைப்பொழுதும் அதற்குப் போதும்.